அயலாருக்காக வாதாடிய ‘ரோசாப்பூ துரை’

“சாமி, அரசியல் நமக்கு எதற்கு? அதுவும் அது நம்மவர் சண்டையே இல்லையே!”

அவனியாபுரத்தில் இல்லச் சந்திப்புக்குச் சென்ற ஒரு மாலையில் தாய் ஒருவர் இவ்வாறு வருந்தினார். கல்லூரியில் பயிலும் அவருடைய மகன், வேறொரு தெருவினரின் வீட்டுமனைப் பட்டாவுக்காக மனு எழுதிக்கொடுத்து, அவர்களோடு அலுவலகப் படியும் ஏறியிருந்தான். மகனுக்குத் தீங்கு வருமோ என்ற கவலை தாய்க்கு. அவருக்கு நான் சொன்ன மனிதரின் கதையை வாசக அன்பர்களுக்கும் கூற விரும்புகிறேன்.

மதுரை யானைக்கல் பகுதியில் ஜார்ஜ் ஜோசப் அவர்களின் சிலை உள்ளது. 1887-இல் செங்கன்னூரில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்து, எடின்பரோவிலும் இலண்டனிலும் கற்று, வழக்கறிஞராகி, மதுரையைத் தம் ஊராக்கிக்கொண்டவர் அவர். வசதியாய் வாழ வழியிருந்தும், முப்பது வயதிலேயே நாட்டுப்பணி அவரை ஆட்கொண்டது. தன்னாட்சிக் கோரிக்கையை எடுத்துரைக்க இங்கிலாந்து புறப்பட்ட குழுவில் அவரும் ஒருவர்; ஆங்கில அரசு அவர்களை வழியிலேயே திருப்பி அனுப்பிற்று. 1918-இல் மதுரை ஆலைத் தொழிலாளர்க்குச் சங்கம் அமைப்பதில் முன்னின்றார். 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்திற்காக வழக்கறிஞர் தொழிலையே துறந்தார். அலகாபாத்தில் மோதிலால் நேருவின் ‘இண்டிபெண்டண்ட்’ நாளேட்டின் ஆசிரியராயிருந்தபோது, 1921 டிசம்பரில் சிறைப்பட்டார்.

எனினும் நம் வட்டாரத்து எளியோர் அவரை நினைப்பது வேறொரு காரணத்தால். குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் கொடுமை அக்காலத்தில் பிரமலைக் கள்ளர் மக்களை நசுக்கிற்று. குற்றம் ஏதும் செய்யாதவனும் பிறப்பினாலேயே குற்றவாளி! ஆண்கள் கைரேகை பதியவேண்டும். இரவில் காவலர் கண்காணிப்பில் படுத்துறங்கவேண்டும். வெளியூர் செல்லச் சீட்டு வாங்கவேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதினாறு பேர் மாண்டனர்.

அம்மக்களுக்கும் ஜோசப்புக்கும் உறவில்லை, சாதியில்லை, தாய்மொழியும் ஒன்றன்று. ஆயினும் அவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். சட்டத்தின் அநீதியை எழுதியும் பேசியும் வெளிப்படுத்தினார். ‘ரோசாப்பூ துரை’ என்று அம்மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். தம் பிள்ளைகளுக்கு அப்பெயரையே இட்டு மகிழ்ந்தோரும் உண்டு.

1924-இல் வைக்கத்திலும் இதே உள்ளத்தைக் காண்கிறோம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கக்கூடாது என்ற தடையை எதிர்த்த அறப்போரில், முன்னோடித் தலைவர்கள் கைதானதும் அவர் பொறுப்பேற்றார். இப்பணியை இந்துக்களிடமே விட்டுவிடுமாறு காந்தியடிகள் அவருக்குக் கடிதம் எழுதினார். அடிகளின் கருத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஜோசப்பின் நோக்கில், பொதுத்தெருவில் நடப்பது குடிமக்கள் அனைவருக்கும் உரிய உரிமை. அது ஒரு மதத்தாரின் உள்விவகாரம் மட்டுமன்று. ஏப்ரல் 11-ஆம் நாள் அவர் கைதாகிச் சிறை சென்றார்.

அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்ட சமாரியர், அவன் எந்த ஊரான், எந்த இனத்தான் என்று கேட்கவில்லை. நாம் ஆண்டுதோறும் ஆலயத்தில் கேட்கும் இவ்வுவமையை நீதிமன்றத்திலும் தெருவிலும் வாழ்ந்து காட்டியவர் ஜோசப். பொதுவாழ்வில் ஈடுபட்டு நீதிக்கு உழைப்பது பொதுநிலையினரின் கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வலியுறுத்துவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் அவ்வழியில் நடந்துவிட்டார்.

“அவருக்கு ஒன்றும் ஆகவில்லையா, சாமி?” என்று அந்தத் தாய் கேட்டார்.

“ஆயிற்று, அம்மா. வருவாய் போயிற்று; சிறைவாசம் வந்தது. 1938 மார்ச் 5-ஆம் நாள் மதுரையில் இறந்தபோது அவருக்கு ஐம்பது வயதுதான். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டதோ 1947-இல். விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அவன் வரட்டும் சாமி, அந்த மனுவில் என்ன எழுதினான் என்று கேட்கிறேன்” என்றார்.

பெற்றோரே, நம் பிள்ளைகள் பிறர் துயருக்காக ஓடும்போது தடுக்குமுன், அவர்கள் என்ன எழுதினார்கள் என்று நாமும் கேட்போம். நேரம் வாய்க்கும்போது அவர்களை யானைக்கல்லுக்கு அழைத்துச் சென்று, அந்தச் சிலை யாருடையது என்றும் சொல்வோம்.