செவ்வாய்க்குப் போகுமுன் பொருந்த வேண்டிய வளையம்

ஒற்றுமை என்ற சொல்லை நம் மாணவர்கள் கட்டுரைப் போட்டிகளில் எழுதிப் பழகியவர்கள். விறகுக்கட்டுக் கதை, எறும்பு, தேனீ என்று வரிசையாக வந்துவிடும். அறிவியல் பாடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் நிலவிலும் செவ்வாயிலும் மனிதர் குடியேறுவதைப் பற்றி எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் பேசும்போது எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. அங்கே ஒற்றுமை என்பது அளவுகோல் வைத்து அளக்கக்கூடிய ஒன்று.

1975 ஜூலை 17 அன்று, பனிப்போர்க் காலத்தில், அமெரிக்காவின் அப்பல்லோவும் சோவியத் ஒன்றியத்தின் சோயுஸும் பூமியைச் சுற்றியபடியே இணைந்தன. ஸ்டாஃபோர்டும் லியோனவும் கைகுலுக்கிய படம் பலருக்கும் தெரியும். 1972இல் கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்து அந்தக் கைகுலுக்கல் வரை நடந்த வேலைதான் வகுப்பறைக்கு ஏற்ற பாடம்.

முதல் சிக்கல் காற்று. அப்பல்லோவின் உள்ளே தூய ஆக்சிஜன், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சோயுஸிலோ நம் வகுப்பறையில் இருப்பதைப் போன்ற நைட்ரஜன் கலந்த காற்று, இயல்பான அழுத்தம். அதிலிருந்து நேராக அப்பல்லோவுக்குள் நுழைந்தால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாக வெளிப்படும். சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்குவதைச் சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரிகிறது. சோவியத் தரப்பு தன் அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தது. அமெரிக்கத் தரப்பு இடையில் அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ள ஒரு சிறிய அறையைக் கட்டி எடுத்துச் சென்றது.

இரண்டாவது சிக்கல் இணைப்பு. அதுவரை ஒரு கலத்தில் நீட்டிய தண்டும், மற்றதில் அதை ஏற்கும் கூம்பும் இருந்தன. தண்டு உள்ள இரு கலங்கள் ஒன்றோடொன்று இணைய முடியாது. ஆபத்தில் ஒன்றை மற்றொன்று காப்பாற்றவும் முடியாது. எனவே இருபுறமும் ஒரே வடிவம் கொண்ட வளையத்தை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வழிகாட்டி இதழ்கள். எந்தக் கலம் வேண்டுமானாலும் முன்வந்து இணையலாம். அந்தப் பயணத்திலேயே இரண்டாவது முறை இணைந்தபோது சோயுஸ் அந்த வேலையைச் செய்தது.

மொழியிலும் ஓர் உடன்பாடு: அமெரிக்கர் ரஷ்ய மொழியிலும் ரஷ்யர் ஆங்கிலத்திலும் பேசினார்கள். கேட்பவருக்கு எது எளிது என்று பார்த்தார்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதல்ல.

இந்த வளையத்தை அட்டையில் செய்து பார்க்கலாம். பழைய அட்டைப்பெட்டி, கத்தரிக்கோல், அளவுகோல் போதும். என் வகுப்பில் இரு குழுக்களைத் தனித்தனியாக அமர்த்தி ஆளுக்கு ஒரு பாதி செய்யச் சொன்னேன். பேசக் கூடாது, துண்டுச்சீட்டில் கேட்கலாம். விட்டம் பொருந்தியது, இதழ்கள் மோதின. எதிரெதிரே நிற்கும்போது என் வலம் உங்களுக்கு இடம் என்பதை யாரும் சீட்டில் எழுதவில்லை. அடுத்த பாடவேளையில் சண்டை போட்டுச் சரிசெய்தார்கள்.

அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் குறைக்கும்போது முகம் சுளிக்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது 1999இல் நடந்தது. நாசாவின் செவ்வாய்க் காலநிலைக் கலம் ஒரே நாட்டில் உருவானதுதான். ஆனால் ஒரு மென்பொருள் பவுண்டு விசைக் கணக்கில் தர, மற்றது நியூட்டன் கணக்கில் எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 23 அன்று கலம் செவ்வாயருகே தொலைந்தே போனது.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் முதல் பகுதி ரஷ்யாவில் கட்டிய சார்யா. 1998 டிசம்பரில் அதனுடன் இணைந்த அமெரிக்கப் பகுதியின் பெயர் யூனிட்டி, அதாவது ஒற்றுமை. 2000 நவம்பர் 2 முதல் அங்கே மனிதர் இல்லாத நாளே இல்லை. 2003இல் கல்பனா சாவ்லா பயணித்த கொலம்பியா விண்ணோடம் சிதறியபின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க விண்ணோடங்கள் பறக்கவில்லை. வீரர்களை ஏற்றி இறக்கியது சோயுஸ்தான்.

2022இல் உக்ரைன் போர் தொடங்கியது. "அங்கேயும் சண்டை போட்டுக்கிட்டாங்களா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். போர் தொடங்கி ஒரு மாதம் கழித்து, மார்ச் 30 அன்று, 355 நாள் தங்கியிருந்த அமெரிக்கர் மார்க் வாண்டே ஹெய் இரண்டு ரஷ்யர்களுடன் சோயுஸில் கஜகஸ்தானில் இறங்கினார் என்பதே என் பதில். நல்லெண்ணம் மட்டும் இதற்குக் காரணமில்லை என்பது என் கருத்து. நிலையத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி அமெரிக்கப் பக்கத்திலிருந்து வருகிறது. சுற்றுப்பாதையை உயர்த்தும் வேலையை முக்கியமாக ரஷ்யப் பக்கம் பார்த்துவந்தது. ஒருவரை ஒருவர் விட்டுப் போக முடியாதபடி கட்டியிருந்தார்கள்.

சீனா இதில் இல்லை என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். நாசா சீனாவுடன் நேரடியாகச் சேர்ந்து செயல்பட 2011 முதல் அமெரிக்கச் சட்டம் தடையாக இருக்கிறது. சீனா தனக்கெனத் தியாங்கோங் நிலையத்தைக் கட்டிக்கொண்டது. இதை மறைத்துப் பாடம் நடத்தினால் அது மேடைப்பேச்சாகிவிடும். நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. இணைப்பு வளையத்துக்கான பொது அளவுகளை 2010இல் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். 2025 ஜூன் 26 அன்று சுபான்ஷு சுக்லா சென்ற கலம் நிலையத்தோடு இணைந்தது அந்த அளவுகளின்படிதான்.

செவ்வாய்க்கு ஏற்ற பயண வாய்ப்பு ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒரு முறைதான் வரும். ஒரு நாட்டின் குழாய் இன்னொரு நாட்டின் குழாயில் பொருந்தாவிட்டால் அதுவரை காத்திருக்க வேண்டும். அங்கே போகுமுன் எவற்றையெல்லாம் பேசி முடிக்க வேண்டும் என்று பட்டியலிடச் சொன்னேன். காற்று, குழாய், அலகு, மொழி எல்லாம் எளிதாக வந்தன. நாட்காட்டியில் மாட்டிக்கொண்டார்கள். செவ்வாயின் ஓர் ஆண்டு 687 புவி நாள்கள். பிறந்தநாளை எந்தக் கணக்கில் கொண்டாடுவது என்பதில் ஒன்பதாம் வகுப்பு இன்னும் இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறது.