'மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு!'

விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் தொடங்கிவிடுகிறது. "மாமாவுக்கு வணக்கம் சொல்லு. ரைம்ஸ் சொல்லிக் காட்டு. ஸ்கூல்ல ஆடினியே, அதை ஆடு." குழந்தை அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. "இவன் ரொம்பக் கூச்ச சுபாவம்" என்று அம்மாவே சமாளிக்கிறார். அது குழந்தையின் காதிலும் விழுகிறது. நாலு பேர் முன்னால் நாலு முறை கேட்டால், தான் அப்படித்தான் என்று அது நம்பிவிடும்.

ஹார்வர்டு உளவியலாளர் ஜெரோம் கேகன், 4 மாதக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத குரலை ஒலிக்கவிட்டும் பொம்மையைக் காட்டியும் பார்த்தார். ஏறக்குறைய 5-இல் 1 குழந்தை கைகால் உதறி அழுதது. இப்படி அழுதவர்களில் பலர் 2 வயதில் புதியவர்களைக் கண்டு ஒதுங்கினார்கள். ஆனால், வளர்ந்த பிறகும் அப்படியே ஒதுங்கி நின்றவர்கள் சிறு பகுதியினர்தான். பொத்திப் பொத்தி வளர்த்தாலும் பயம் போகாது என்று சொல்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. அதற்காகப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை.

குழந்தைக்கு ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் டம்ளரையோ முறுக்குத் தட்டையோ கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். யார் வரப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "உன் பேர் என்ன?" என்று விருந்தாளி கேட்டதும் அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் பத்து விநாடி பொறுத்தால், பெரும்பாலும் பிள்ளையே சொல்லிவிடும். விருந்தாளிக்கும் இதில் பங்குண்டு. எத்தனாவது ரேங்க் என்று விசாரிப்பதை விட்டுத் தரையில் உட்கார்ந்து, "இந்த லாரி எங்க போகுது?" என்று கேட்டுப் பார்க்கலாம்.

"மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்ற கட்டளை மட்டும் வேண்டவே வேண்டாம். வணக்கமோ கையசைப்போ, எதுவென்று குழந்தையே முடிவு செய்யட்டும். பெரியவர் கேட்டால் மறுக்கக் கூடாது என்று பழகிய பிள்ளை, மறுத்தே ஆகவேண்டிய இடத்திலும் வாய் திறக்காது.

இதைவிடப் பெரிய கவலை எல்.கே.ஜி. வாசலில் நிற்கிறது. முன்பின் தெரியாத அறை, மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பெரியவர்கள், இந்தப் பக்கம் மூன்றரை வயதுப் பிள்ளை. வாரக்கணக்கில் ஒப்பித்த நிறங்களும் பழங்களும் அங்கே மறந்துபோகின்றன. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 13-ஆவது பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றி. அதிகமாக மிரளும் வயது அதற்கு வெளியே நிற்கிறது.

நேர்காணலுக்குச் செலவிடும் நேரத்தில் பள்ளிகள் வேறொன்று செய்யலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பே ஒரு நாள் பிள்ளைகளை வரவழைத்து, வகுப்பறையையும் கழிப்பறையையும் காட்டி, மிஸ்ஸோடு அரை மணி நேரம் விளையாட விடலாம். முதல் நாள் அழுகை பாதியாவது குறையும்.