நதி ஜலமும் தேசங்களின் பகையும்

ஒரே வாய்க்காலில் பாயும் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஜலம் குறைந்த காலத்தில் பிணங்குவது விவசாயிகள் யாவரும் அறிந்ததே. மதகு ஒருவர் வசத்திலும் வயல் மற்றொருவர் வசத்திலும் இருக்குமாயின் சச்சரவு முற்றும். இதே நிலைமை இரண்டு தேசங்களுக்கிடையே நேர்ந்தால் யுத்த பயமும் உண்டாகும். சிந்து நதியின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும்.

சிந்து, ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய ஆறு நதிகளைக் கொண்டு பஞ்சாபில் பெருங்கால்வாய்கள் அமைக்கப்பட்டபோது அம்மாகாணம் முழுதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. 1947-ம் வருஷத்தில் மாகாணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ராவியின் மீதுள்ள மாதோபூர் அணைக்கட்டும், சட்லெஜின் மீதுள்ள பிரோஸ்பூர் அணைக்கட்டும் இந்தியாவில் அமைந்தன. அவற்றினின்று பாய்ந்துவந்த நிலங்களில் ஒரு பெரும்பரப்பு பாகிஸ்தானைச் சேர்ந்தது. இரு தரப்பாரும் செய்துகொண்ட தற்காலிக ஏற்பாடு 1948 மார்ச் 31-ந் தேதி முடிவுற்றது. மறுநாளே கிழக்குப் பஞ்சாப் அரசாங்கத்தார் எல்லைக்கப்பால் செல்லும் கால்வாய்களுக்கு ஜலத்தை நிறுத்தினர். மே மாதம் 4-ந் தேதி டில்லியில் உடன்பாடு ஏற்பட்டது. ஜலம் மீண்டும் கிடைத்ததெனினும் கடைமடையாருடைய அச்சம் நீங்கவில்லை.

பின்னர் உலக பாங்கியின் மத்தியஸ்தத்தால் பல வருஷங்கள் பேச்சு நடந்து, 1960 செப்டம்பர் 19-ந் தேதி கராச்சியில் ஜவாஹர்லால் நேருவும் அயூப் கானும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய கீழ்த்திசை நதிகள் மூன்றும் இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்றிசை நதிகள் மூன்றும் பாகிஸ்தானுக்கும் ஒதுக்கப்பட்டன. மேற்றிசை நதிகளில் சில வரம்புகளுக்குட்பட்டுப் பாசனத்திற்கும் மின்சார உற்பத்திக்கும் இந்தியாவுக்கு உரிமை அளிக்கப்பட்டது. பாகிஸ்தான் புதிய இணைப்புக் கால்வாய்கள் முதலியன அமைத்துக்கொள்ளும் பொருட்டு, இந்தியா சுமார் 6 கோடியே 20 லட்சம் பவுன் கொடுக்க இசைந்தது. நதிகளின் நீரளவைப் பரிமாறிக்கொள்ளவும், ஐயங்களைத் தீர்க்கவும் பக்கத்திற்கு ஒரு கமிஷனர் நியமிக்கப்பட்டார்.

1965, 1971, 1999 ஆகிய வருஷங்களில் போர் மூண்டபோதும் இவ்வுடன்படிக்கை முறியவில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் இந்தியா அதனை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. தனக்குரிய ஜலத்தைத் தடுத்தால் அதை யுத்தச் செயலாகவே கருதுவதாகப் பாகிஸ்தான் கூறிற்று. 1948-ல் எழுந்த அச்சம் இவ்வாறு மறுபடியும் தலைகாட்டியது.

இதனால் அறியத்தக்கது யாதெனில், ஜலக்குறைவு மட்டுமே பகைக்குக் காரணமன்று. பங்கு இன்னதென்ற உறுதி இல்லாமையும் பெருங்காரணமாகும். அளந்து, எழுதி, இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட பங்கு மூன்று போர்களையும் தாங்கி நின்றது. ஆயினும் ஜனத்தொகை பெருகுவதாலும், பனிமலைகள் உருகுவதாலும், நிலத்தடி ஜலம் குறைவதாலும் பழைய பங்கீடு காலந்தோறும் பரிசீலிக்கப்பட வேண்டும்.

கிராமத்திற்கும் இது பொருந்தும். ஜலம் நிறைந்த வருஷத்திலேயே முறைப்பாய்ச்சலை வரையறுத்து எழுதிவைத்தல், மதகின் அளவைக் கடைமடையாரும் பார்க்கும்படி குறித்தல், பயிருக்கு வேண்டியதற்கு மேல் பாய்ச்சாதிருத்தல் ஆகிய மூன்றையும் நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் கைக்கொள்வாராக. வறட்சி வந்தபின் பேசத் தொடங்கினால் சமாதானம் காண்பது அரிது.