எட்டு கோர் இருந்தும் வேகம் ஏன் குறைகிறது?

இறுதியாண்டு புராஜெக்ட் ஒப்படைக்கும் நாள் நெருங்குவதால் இரும்புலியூர், பெருங்களத்தூர் பக்கத்துப் பொறியியல் மாணவர்களின் கடிதங்கள் குவிகின்றன. பலரின் குழப்பம் ஒன்றுதான்: "வேலையை எட்டு கோருக்கும் பிரித்துக் கொடுத்தேன். ஒரே கோரில் ஓட்டியதைவிட மெதுவாக ஓடுகிறதே?"

காரணம், சிப்புக்குள்ளிருக்கும் கேஷ் நினைவகம். அது ஒற்றை எண்ணை மட்டும் எடுத்து வருவதில்லை. இன்டெல், ஏஎம்டி சிப்களில் 64 பைட் கொண்ட ஒரு வரியையே மொத்தமாக எடுக்கிறது. 8 பைட் எண்கள் எட்டு அதில் அடங்கும். கோருக்கு ஒன்றாக எட்டு கவுன்ட்டர்களை ஒரே அரேயில் அடுத்தடுத்து வைத்தால், எட்டும் ஒரே வரியில் விழலாம். ஒரு கோர் தன் எண்ணில் எழுதுமுன், மற்ற கோர்களிடமுள்ள அந்த வரியின் நகல்கள் எல்லாம் செல்லாதவை ஆக்கப்படும். அடுத்த கோர் எழுத வரும்போது வரி அங்கே போகும். பிறகு இன்னொரு கோருக்கு. ஒருவர் எண்ணை மற்றவர் தொடுவதே இல்லை, ஆனாலும் வரி ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இதைப் பொய்ப் பகிர்வு என்கிறோம். நகல்கள் முரண்படாமல் காக்கும் 'மெசி' போன்ற நெறிமுறை தன் கடமையைத்தான் செய்கிறது. விடை சரியாகவே வரும், நேரம் மட்டும் கரையும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் கவலைக்குரியது.

கவுன்ட்டர்களை 64 பைட் இடைவெளியில் வையுங்கள். அல்லது ஒவ்வொரு கோரும் தனக்குள் கூட்டிவைத்து, கடைசியில் ஒரே முறை எழுதட்டும்.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகளுக்கும் சுருக்கமாகப் பதில். விளம்பரத்தில் வரும் 'மொத்த கேஷ்'? பல சமயம் எல்2, எல்3 என்ற இரண்டாம், மூன்றாம் நிலை கேஷ்களைக் கூட்டிய எண். எல்2 பெரும்பாலும் கோருக்குத் தனித்தனி என்பதால், ஒரு கோருக்கு அந்த மொத்தமும் கிடைக்காது.

உள்நாட்டு சிப்? ஐஐடி மெட்ராஸின் 'சக்தி' சிப்களில் 'ரைஸ்கிரீக்' 2018இல் இன்டெலின் அமெரிக்க ஆலையில் 22 நானோமீட்டரில் உருவானது; 'ரிமோ' அப்போது இஸ்ரோவின்கீழ் இருந்த, சண்டிகரை அடுத்த மொகாலி ஆலையில், 180 நானோமீட்டரில். 'முதல் இந்திய சிப்' என்ற அறிவிப்புகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, சக்தியின் கேஷ் வடிவமைப்பு யாரும் படிக்கத் திறந்திருப்பது.

கேஷைப் பெரிதாக்கினால் பொய்ப் பகிர்வு தீருமா? தீராது.

ஏன் தாராளமாகப் பெரிதாக்குவதில்லை? ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர் வேண்டும். 1 எம்பிக்கு ஏறத்தாழ 5 கோடி.

கூடுதல் கேஷைச் சிப்பின் மேலே அடுக்கலாமா? ஏஎம்டி 2022இலேயே ஒரு டெஸ்க்டாப் சிப்பில் 64 எம்பியை அப்படி அடுக்கிவிட்டது.

ஒப்படைக்குமுன் லினக்ஸின் 'பெர்ஃப்' கருவியில் 'சி2சி' கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த வரி கோர்களிடையே அலைகிறது என்று அது காட்டும்.