தண்ணீரை நிறுத்துவது தண்ணீரே!

சென்ற கோடையில் ஒருநாள் காலை எங்கள் கல்லூரி விடுதியில் குளிக்கத் தண்ணீர் இல்லை. மேல்நிலைத் தொட்டி நீர் முழுவதும் இரவோடிரவாகப் புல்தரையில் கொட்டிவிட்டது. "சாயங்காலமே சுவிட்சை அணைச்சிட்டேன் சார், தெளிப்பான்தான் நிற்கலை" என்றார் தோட்டக்காரர். வால்வின் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது என்று பலரும் முடிவு கட்டினர். எரிந்திருந்தால் வால்வு திறந்தே இருக்காதே!

இவ்வகை வால்வில் குழாயை மூடுவது மின்சாரம் அல்ல, தண்ணீர்தான். உள்ளே வட்டமான ஒரு ரப்பர் சவ்வு, வெளியேறும் குழாயின் வாய்மீது மூடிபோல் அமர்ந்திருக்கிறது. சவ்வில் ஒரு மிகச்சிறு துளை. அதன் வழியே தண்ணீர் மேலறைக்கும் செல்வதால் மேலும் கீழும் அழுத்தம் ஒன்றே. பிறகு மூடி எப்படி இறுகுகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டி நீர்மட்டம் 20 மீட்டர் உயரத்தில் இருந்தால் வால்வில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் எடை. சவ்வின் பரப்பு 20 ச.செ.மீ. எனில் கீழ்நோக்கிய விசை 40 கிலோகிராம் எடை. அடிப்புறத்தில் 5 ச.செ.மீ. வெளியேறும் வாய்க்கு நேராக இருக்கிறது. அங்கே நீரழுத்தம் இல்லை. மீதி 15 ச.செ.மீ. பரப்பில் மேல்நோக்கிய விசை 30 தான். ஆக, 10 கிலோகிராம் எடை சவ்வை அழுத்திப் பிடிக்கிறது! மேலே உள்ள சுருள்வில் வெறும் துணைக்குத்தான்.

சுவிட்சைப் போட்டால் மின்காந்தம் ஒரு சிறு இரும்புத் தண்டைத் தூக்கும். மேலறை நீர் வேறொரு வழியாக வெளியேறும் குழாய்க்குள் வடியும். இவ்வழி சவ்வின் துளையைவிடப் பெரியது. எனவே மேலே அழுத்தம் குறைந்து சவ்வு எழும்பும். அணைத்தால் தண்டு விழுந்து வழியை அடைக்கும். துளை வழியே நீர் வந்து மேலறையை நிரப்பி, சவ்வைக் கீழே அழுத்தும். அந்தத் துளையே அடைத்துக்கொண்டால்?

பிரதான குழாயை மூடிவிட்டு, வால்வின் மேல்மூடியைக் கழற்றினோம். எங்களுடையது ஆழ்துளைக் கிணற்று நீர். எதிர்பார்த்தபடியே துளையில் ஒரு மணல் துணுக்கு. தோட்டக்காரர் கோணி ஊசியை எடுத்தார். "வேண்டாமப்பா!" என்று தடுத்தேன். துளை பெரிதானால் வடிகிற அளவுக்கு நீர் உள்ளே வந்துகொண்டேயிருக்கும். மேலறை அழுத்தம் குறையாது. வால்வு பிறகு திறக்கவே திறக்காது. மின்கம்பியிலிருந்து மெல்லிய செப்பு இழை ஒன்றை உருவி, அதை விட்டுத் துணுக்கை எடுத்தேன். சவ்வைக் கழுவி, கிழிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்து, பழையபடியே பொருத்தி, எதிரெதிர்த் திருகுகளாக முடுக்கினோம்.

சுவிட்சைப் போட்டு அணைத்தோம். தெளிப்பான் உடனே நிற்கவில்லை. "இன்னும் பழுது போகலையே, சார்!" என்றார் தோட்டக்காரர். அவ்வளவு சிறிய துளை வழியே மேலறை நிரம்ப வேண்டாமா? நான் ஆறு எண்ணுவதற்குள் நின்றுவிட்டது.