முதுமலை - பந்திப்பூர் ரோடு ட்ரிப்: இரவு 9 மணிக்கு சாலையை மூடுவது ஏன்?

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு பெங்களூருவில் லேப்டாப்பை மூடிவிட்டு நாலு நண்பர்கள் காரை எடுத்தால், ராத்திரிக்குள் மசினகுடி போய்விடலாம் என்று மொபைல் மேப் சொல்லும். தூரம் சுமார் 240 கி.மீ.தான். ஆனால், நகரத்து டிராஃபிக், நடுவில் ஒரு டீ, ஒரு டிபன் எல்லாம் முடித்து மைசூருவைத் தாண்டும்போதே மணி எட்டரையைத் தொட்டுவிடும். குண்டல்பேட்டைக் கடந்து காட்டின் வாசலுக்கு வந்தால் ரோட்டின் குறுக்கே தடுப்பு. 'அஞ்சு நிமிஷம்தானே சார் லேட்டு' என்று கெஞ்சினாலும் வேலைக்கு ஆகாது. இனி காலை 6 மணிக்குத்தான் வழி.

தேசிய நெடுஞ்சாலையையே ராத்திரியில் பூட்டி வைப்பார்களா? வைத்திருக்கிறார்கள். அதுவும் 15 ஆண்டுகளுக்கும் மேலாக. காரணம் தெரிந்துகொண்டு போனால், அந்தப் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

எந்தச் சாலை இது?

கோவையில் தொடங்கி ஊட்டி, கூடலூர் வழியாக குண்டல்பேட் போகும் தேசிய நெடுஞ்சாலை 181 இது. பழைய எண் 67. கூடலூரை அடுத்த தொரப்பள்ளியில் முதுமலை காடு தொடங்குகிறது. தெப்பக்காடு தாண்டி கக்கநல்லா செக்போஸ்ட் வரை தமிழ்நாடு. அதற்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர்.

முதுமலை 1940-இல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 321 சதுர கி.மீ. பந்திப்பூரோ, 1973-இல் 'புராஜெக்ட் டைகர்' தொடங்கியபோதே அதில் இடம்பிடித்த காடுகளில் ஒன்று. பக்கத்திலேயே கேரளத்தின் வயநாடு, கர்நாடகத்தின் நாகரஹொளே. மேப்பில்தான் இவை மூன்று மாநிலம், நான்கு பெயர். யானைக்கு எல்லாமே ஒரே காடு. 1986-இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதிகள்தான் இவை.

யானை ஏன் ரோட்டைக் கடக்கிறது?

முதுமலையின் மேற்குப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை நன்றாகக் கிடைக்கும். கிழக்கே மசினகுடி, சீகூர் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், முள்காடு. மழை எங்கே பெய்கிறதோ, புல் எங்கே முளைக்கிறதோ, அங்கே மந்தை நகர்கிறது. வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கும் மேல் தீனி, நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் கட்டுப்படியாகாது. கோடையில் காய்ந்துபோன காட்டிலிருந்து மாயாற்றுக்கும், கபினி அணையின் நீர்ப்பரப்புக்கும் யானைகள் நடப்பது இதனால்தான்.

அந்த நடைக்குக் குறுக்கேதான் தார் ரோடு போகிறது.

ராத்திரியில் மட்டும் ஏன் தடை?

காட்டுக்குள் ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகுதான் பல விலங்குகள் வெளியே வரும். சிறுத்தை, கடமான், முள்ளம்பன்றி, காட்டுமுயல், புனுகுப்பூனை எல்லாம் ராத்திரி ஆட்கள். ஹெட்லைட் வெளிச்சம் கண்ணில் அடித்ததும் மான் ஓடாது, அப்படியே நின்றுவிடும். எண்பது கி.மீ. வேகத்தில் வரும் லாரிக்கு பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

யானையோ புலியோ அடிபட்டால் செய்தி வரும். தவளை, பாம்பு, முயல் அடிபட்டால் விடிவதற்குள் தடம்கூட இருக்காது. இன்னொரு பாதிப்பு கண்ணுக்கே தெரியாது. வண்டி ஓயாத சாலையைக் கடக்கப் பயந்து விலங்குகள் திரும்பிவிடும். அப்போது ஒரே காடு இரண்டு துண்டாகிறது.

யார் போட்ட தடை?

2009 ஜூன் மாதம் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் பந்திப்பூர் வழியே செல்லும் இரண்டு நெடுஞ்சாலைகளிலும் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்தை நிறுத்தியது. ஒன்று ஊட்டி ரோடு. மற்றொன்று கோழிக்கோடு - மைசூரு ரோடு. எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே உத்தரவு வாபஸ் ஆனது. விஷயம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010 மார்ச்சில் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. கேரளம் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டும் தடை விலகவில்லை.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற அவசர வண்டிகளுக்கும், குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் தொரப்பள்ளி - கக்கநல்லா இடையிலும் இதே நேரக் கட்டுப்பாடு இருக்கிறது.

அப்போ உள்ளூர்க்காரர்கள்?

சுற்றுலா போகிறவருக்கு இது ஒருநாள் சிரமம். வயநாட்டிலும் கூடலூரிலும் வாழ்கிறவருக்கு தினசரிப் பிரச்சினை. காய்கறி வண்டி, மைசூருவில் படிக்கும் பிள்ளைகள், பெங்களூருவில் வேலை பார்ப்பவர்கள் என எல்லோரும் அந்த 9 மணியைக் கணக்குப் போட்டுத்தான் வாழ வேண்டியிருக்கிறது.

2019-இல் கோழிக்கோடு - மைசூரு சாலையைப் பகலிலும் மூடிவிட்டு மாற்றுப்பாதையை மேம்படுத்த முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் எழுந்தபோது, சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். காட்டுக்குள் மேம்பாலச் சாலை கட்டலாம் என்றொரு யோசனையும் வந்தது. தூண் நடுவதற்கே காட்டைக் கிழிக்க வேண்டும் என்றார்கள் எதிர்த்தவர்கள். இரு தரப்பு வாதத்திலும் நியாயம் இருப்பதால்தான் இந்த விவகாரம் இத்தனை ஆண்டுகளாக இழுக்கிறது.

எங்கே தங்குகிறோம் என்பதும் முக்கியம்

மசினகுடியை ஒட்டிய சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வழித்தடம். அதை மறித்து எழுந்த ரிசார்ட்டுகள் பற்றிய வழக்கில், வழித்தடத்தைக் காக்கும் தமிழக அரசின் 2010-ஆம் ஆண்டு அறிவிக்கை செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த சில மாதங்களில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்கும் விடுதி அருகே வந்த யானை மீது எரியும் டயர் வீசப்பட்ட வீடியோ நாட்டையே உலுக்கியது. தீக்காயம் பட்ட அந்த யானை இறந்துபோனது.

ஆகவே ரூம் புக் பண்ணும் முன், அந்த இடத்துக்கு முறையான அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். 'நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறோம்' என்று யாராவது சொன்னால், அது சட்டவிரோதம். கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள்.

எப்படிப் போனால் நல்லது?

மைசூருவிலோ குண்டல்பேட்டிலோ ராத்திரி தங்கிவிட்டு, காலை 6 மணிக்கு கேட் திறக்கும்போது உள்ளே போவதுதான் புத்திசாலித்தனம். விலங்குகள் கண்ணில் படவும் அதுதான் நல்ல நேரம். கோவைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஊட்டி, கூடலூர் வழியாக வரலாம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதை குறுக்குவழிதான். ஆனால், செங்குத்தான இறக்கம். விபத்துகள் காரணமாக, வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அதில் இறங்கக் கட்டுப்பாடு உண்டு.

நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். தெப்பக்காட்டில் யானைகள் முகாமைப் பார்க்கலாம். 2023-இல் ஆஸ்கர் வென்ற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தின் பொம்மன் - பெள்ளி தம்பதி யானைக்குட்டிகளை வளர்த்த இடம் அது.

நடுரோட்டில் யானை நின்றால்?

தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், ஹை பீம் வேண்டாம், கதவைத் திறக்கவே வேண்டாம். குட்டியோடு இருக்கும் தாய் யானை என்றால் இன்னும் எச்சரிக்கை. அது முன்னால் வந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். 2025 ஆகஸ்ட்டில் பந்திப்பூர் ரோட்டில் யானை அருகே போய் போட்டோ எடுக்க முயன்ற ஒருவரை அது துரத்தி மிதித்தது. அவர் உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். கூடவே 25,000 ரூபாய் அபராதமும் வந்தது.

பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் யானை தானாகவே காட்டுக்குள் போய்விடும். எஞ்சினை அணைத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். திரும்பி வந்து ஆபீஸில் நீங்கள் சொல்லப்போகும் கதை அந்தப் பத்து நிமிஷமாகத்தான் இருக்கும்.