குன்றில் பழகிய கால்கள்

பெருமலைகளின் மடியில் பனிச்சறுக்கு கற்றவர்கள், படிப்புக்கோ வேலைக்கோ சமவெளிக்குக் குடிபெயர்ந்தபின் குளிர்காலம் வந்தாலே பக்கத்தில் ஏதாவது சரிவு உண்டா என்று தேடுவார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகருக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பக் ஹில் அப்படியொரு சரிவு. அடிவாரத்திலிருந்து உச்சிவரை அதன் உயரம் ஏறத்தாழ 94 மீட்டர். கொலராடோவின் வேல் மலையிலோ சறுக்கி இறங்கக்கூடிய உயரம் 1,050 மீட்டர். அங்கே ஒருமுறை இறங்குவதற்கு ஈடாக இங்கே பதினோரு முறை இறங்க வேண்டும். 'இதையெல்லாம் மலை என்பதா?' என்று மலைநாட்டுக்காரருக்குத் தோன்றினால் வியப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு உயரத்தை மட்டுமே அளக்கிறது. ஒரே வளைவைத் திருத்தித் திருத்திப் பழகும்போதுதான் பனிச்சறுக்கு உடம்பில் படிகிறது. அந்தப் பழக்கத்துக்குச் சிறு குன்று மிகவும் ஏற்ற இடம்.

இதற்கு முதல் சாட்சி எரிக் செய்லர். ஆல்ப்ஸ் மலைகளின் நாடான ஆஸ்திரியாவில் பிறந்த அவர், 1969 முதல் பக் ஹில்லில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பந்தயச் சறுக்கு கற்றுக்கொடுத்தார். அவரிடம் பயின்ற லின்ட்சே வான், 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வென்றார். ஆல்பைன் சறுக்குப் பந்தயங்களிலேயே மிக நீண்ட, மிக வேகமான சரிவைக் கேட்பது டவுன்ஹில். அதன் வெற்றியாளர் சோளக்காட்டுச் சமவெளியின் ஒரு மேட்டில் அடிப்படை கற்றவர். மிக்கேலா ஷிஃப்ரின் வந்த வழி இன்னும் பொருத்தமானது. வேலில் பிறந்த அவர், சிறுமியாக இருக்கையில் குடும்பத்தோடு நியூ ஹாம்ப்ஷயருக்குப் போனார். அங்கே லெபனான் ஊரின் ஸ்டார்ஸ் ஹில் என்ற சிறு குன்றில் பயிற்சி செய்தார். 2025இல் தன் நூறாவது உலகக் கோப்பை வெற்றியை எட்டினார். இங்கிலாந்தின் டேவ் ரைடிங்குக்குப் பனியே வாய்க்கவில்லை. லங்காஷயரின் பெண்டில் பகுதியில், செயற்கை விரிப்பு போட்ட சரிவில் அவர் பழகினார். 2022இல் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் நகரில் கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்தில் முதலிடம் பெற்று, ஆல்பைன் சறுக்கில் உலகக் கோப்பைப் பந்தயம் வென்ற முதல் பிரிட்டிஷ்காரர் ஆனார்.

காரணம் எளிது. பெருமலையில் ஒரு நாளின் பெரும்பகுதி லிஃப்டில் உட்கார்ந்தே கழிகிறது. சிறு குன்றிலோ ஓடும் கயிற்றைப் பிடித்தால் சில நிமிடங்களில் உச்சி. சற்றுமுன் செய்த பிழை காலில் இன்னும் உறைத்துக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்த அடுத்த வாய்ப்பு வந்துவிடுகிறது. சரிவும் ஒன்றே, தடமும் ஒன்றே என்பதால் மாறுவது சறுக்குபவரின் அசைவு மட்டும்தான். தவறு எங்கே என்பது பளிச்சென்று தெரியும். செயற்கைப் பனியால் இறுகிய தரையும் சலுகை காட்டாது. ஆழமான புதுப்பனி மறைக்கும் பிழைகளை அது உடனே காட்டிக்கொடுக்கும். ஸ்லாலம் பந்தயத்தை எடுத்துக்கொண்டால், உலகக் கோப்பையில்கூட அதன் உயர வேறுபாடு 220 மீட்டரைத் தாண்டுவதில்லை. அதன் நுட்பத்துக்கு ஆயிரம் மீட்டர் தேவையே இல்லை.

இவர்கள் விதிவிலக்குகள், லின்ட்சே வானே பின்னர் வேலுக்குப் போனாரே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நெடுஞ்சரிவில் கால்கள் தாங்கும் வலு, பனிச்சரிவு அபாயத்தை முன்கூட்டி உணரும் கண், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கலங்காத மனம் ஆகியவற்றைக் குன்று தராது. பெருமலை தருவதைக் குன்றும் தரும் என்பதல்ல என் வாதம். மலை சோதிக்கும் திறமையைக் குன்று உருவாக்க முடியும் என்பதே. சலிப்புத் தட்டாதா என்பது இன்னொரு கேள்வி. காட்சிக்காகவே சறுக்குபவருக்குச் சலிக்கும்தான். ஆனால் வீணைக்காரர் அன்றாடம் அதே சரளி வரிசையை வாசிப்பதை யாரும் சலிப்பு என்பதில்லை. விரல் அதில்தான் பதப்படுகிறது. வளைவைக் கவனிப்பவருக்கு ஒவ்வொரு இறக்கமும் வேறு.

சாம்பியன்களை விட்டுவிட்டுச் சாதாரண மக்களைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. பெருமலைக்கு விடுமுறையும் பணமும் வேண்டும். ஊர்க்குன்றுக்கு, பள்ளி விட்டதும் விளக்கொளியில் இரண்டு மணி நேரம் போதும். அமெரிக்காவின் முதல் கயிற்றிழுவை 1934இல் வெர்மான்ட்டின் உட்ஸ்டாக்கில் அமைந்தது ஒரு பண்ணையின் மேய்ச்சல் சரிவில்தான். அதன்பின் நியூ இங்கிலாந்து எங்கும் பெருகிய சிறு சறுக்குத்தளங்களில் 600க்கும் மேற்பட்டவை இன்று இல்லை. பெரிய நிறுவனங்களுக்கும் அவற்றின் அருமை தெரியும். வேல் நிறுவனம் 2012இல் மினசோட்டாவின் ஆஃப்டன் ஆல்ப்ஸையும் மிச்சிகனின் மவுண்ட் பிரைட்டனையும் வாங்கியது, நாளைய மலைப் பயணிகள் அங்கேதான் உருவாகிறார்கள் என்பதால். செயற்கைப் பனி தண்ணீரையும் மின்சாரத்தையும் கேட்கிறது, உண்மைதான். பெருமலைத் தளங்களும் இன்று அதையே நம்பியிருக்கின்றன. அங்கே போய்வரும் நெடும்பயணம் வேறு. ஆகவே மலைநாட்டிலிருந்து வந்தவர் குன்றை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு வாரம் இருமுறை அங்கே இறங்கட்டும். அவர் கால்களும் தேறும். குன்றும் மூடப்படாமல் பிழைக்கும்.